ஒளியால் எழும் மருந்து: என்புப் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஒரு புதுநெறி

மருந்து என்பது நோயை மட்டும் நாடிச் சென்று, நோயற்ற இடத்தைத் தீண்டாது விடவேண்டும் என்பது மருத்துவர் நெடுங்காலமாகக் கொண்டுள்ள விருப்பம். ஆயினும் மருந்துக்குக் கண் இல்லை. வாய்வழிப் புகினும் ஊசிவழிப் புகினும் அது குருதியோடு கலந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை ஓடுகின்றது. நோயுற்ற இடத்தில் நன்மை செய்யும் அதுவே நலமுற்ற இடத்தில் தீமையும் செய்கின்றது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் கடுமருந்துகளால் தலைமயிர் உதிர்வதும், வாய் புண்படுவதும், குருதி குன்றுவதும் இதனாலேயே ஆகும்.

அவ்வாறாயின், உடலெங்கும் பரவினும் உறங்கிக் கிடந்து, நாம் வேண்டிய இடத்தில் மட்டும், வேண்டிய பொழுதில் மட்டும் விழித்தெழுந்து வினைபுரியும் மருந்து ஒன்று இருத்தல் கூடுமா? கூடும் என்பதே இற்றைநாள் மருத்துவ நூலார் தரும் விடை. உறங்கும் அம்மருந்தை எழுப்புவது ஒளி. இம்முறையை மேனாட்டார் 'போட்டோடைனமிக் தெரபி' என்பர். நாம் ஒளியியக்கச் சிகிச்சை எனலாம். இம்முறை தோன்றிய வரலாறும், அது தொழில் செய்யும் வகையும், உடலுறுப்புக்களுள் ஒளி புகுதற்கு மிக அரியதாகிய என்பினுள் அதனைச் செலுத்த அறிஞர் செய்துவரும் முயற்சியும் இக்கட்டுரையில் முறையே கூறப்படும்.

என்பைப் பற்றும் புற்று

என்பில் காணப்படும் புற்றுநோய் இருவகைப்படும். ஒன்று, என்பிலேயே தோன்றுவது. மற்றொன்று, வேறோர் உறுப்பில் தோன்றிக் குருதிவழி வந்து என்பில் குடியேறுவது.

முதல்வகையுள் இளையோரிடத்து மிகுதியாகக் காணப்படுவது ஆஸ்டியோசார்க்கோமா என்பது. பொதுவாக நோக்கின் இஃது அரிய நோயே. ஆயினும் இது தேர்ந்துகொள்ளும் பருவம் நம் நெஞ்சை வருத்துவதாகும். 10 முதல் 20 வயதுக்கு உட்பட்டு, உடல் விரைந்து வளரும் காலத்திலேயே இது பெரும்பாலும் தோன்றுகின்றது. தொடையென்பின் கீழ்முனையிலும், கணைக்காலென்பின் மேல்முனையிலும், அஃதாவது முழங்காலை ஒட்டிய இடங்களில், இது மிகுதியும் காணப்படும். பந்தாடியும் ஓடியும் களிக்கும் பருவத்தினனுடைய காலையே இது கேட்கின்றது.

1970ஆம் ஆண்டுக்கு முன்னர் இந்நோய்க்கு மருத்துவர் அறிந்த வழி, நோயுற்ற காலை வெட்டி எடுத்தலே. அங்ஙனம் காலை இழந்தும், ஐவருள் ஒருவரே உயிர் பிழைத்தனர். காரணம் யாதெனின், கட்டி காலில் இருக்கும்போதே அதன் நுண்ணிய உயிரணுக்கள் குருதிவழிச் சென்று நுரையீரலை அடைந்திருந்தன என்பதே. கண்ணுக்குத் தெரிந்த கட்டி நீங்கியது. கண்ணுக்குத் தெரியாத வித்து நின்றது. அதன் பின்னர் மெத்தோட்ரெக்சேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் முதலிய மருந்துகளை அறுவைக்கு முன்னும் பின்னும் கொடுக்கும் முறை வந்தது. இப்பொழுது நோய் வேறிடம் பரவாத நிலையில் கண்டறியப்பட்டோருள், நல்ல சிகிச்சை பெற்றவர் 100க்கு 60 முதல் 70 பேர் வரை ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். காலை வெட்டாமல், நோயுற்ற என்புப் பகுதியை மட்டும் நீக்கி, அவ்விடத்தில் உலோக மூட்டையோ வேறு என்பையோ பொருத்தும் முறையும் பெருகியுள்ளது.

எனினும் இவ்வறுவையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கட்டியின் ஓரத்தில் ஓர் உயிரணு எஞ்சினும் நோய் மீளும் என அஞ்சி, மருத்துவர் கட்டியைச் சூழ்ந்த நல்ல தசையையும் ஓரளவு சேர்த்தே எடுக்க வேண்டியவராகின்றார். மிகுதியாக எடுப்பின் கால் வலுவிழக்கும். குறைவாக எடுப்பின் நோய் திரும்பும். கத்தி இவ்விரண்டுக்கும் நடுவே செல்ல வேண்டியுள்ளது.

இரண்டாம்வகை முதியோரிடத்து மிகுதி. மார்பகம், நுரையீரல், ஆண்களின் சுக்கிலச் சுரப்பி முதலிய இடங்களில் தோன்றும் புற்று என்பை நாடிச் செல்லும் இயல்புடையது. என்புகளுள்ளும் முதுகெலும்பையே பெரிதும் பற்றும். பற்றிய முள்ளென்பு அரிக்கப்பட்டு, உடலின் பாரம் தாங்காது நொறுங்கும். அதனால் எழும் வலி கொடிது. நொறுங்கிய என்பு தண்டுவடத்தை அழுத்துமாயின், இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியும் இயக்கமும் அற்றுப்போதலும் உண்டு. கதிர்வீச்சுச் சிகிச்சை இதற்குத் துணைசெய்வதே. ஆயினும் தண்டுவடம் தாங்கக்கூடிய கதிரின் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை அடைந்தபின் நோய் மீண்டும் தலையெடுத்தால், அங்கே முன்போல மறுபடியும் கதிர் செலுத்துதல் எளிதன்று.

ஆகவே இருவகை நோயிலும் மருத்துவர் வேண்டுவது ஒன்றே: ஒரு சிற்றிடத்தில் உள்ள புற்றணுக்களை அழித்தல், அவ்விடத்தை அடுத்துள்ள நரம்பையும் தசையையும் காத்தல். இவ்வேண்டுகோளுக்கு ஒளி எங்ஙனம் விடையாயிற்று என்பதை இனி நோக்குவோம்.

ஒரு மாணவன் கண்டது

ஒளியையும் மருந்தையும் இணைத்து நோய் தீர்க்கும் எண்ணம் மிகப் பழையது. நம் நாட்டு வைத்தியர் வெண்புள்ளி நோய்க்குக் கார்போகரிசியைக் கொடுத்து, வெயிலில் இருக்கச் செய்தனர். அவ்வரிசியில் உள்ள சோரலின் என்னும் பொருள் ஒளிபட்டால் வீரியம் பெறுவது என்பதைப் பிற்காலத்து இரசாயன நூலார் கண்டனர். இது நாம் கூறவரும் முறைக்கு உறவேயன்றி, அதுவே அன்று. ஏனெனில் சோரலின் பெரும்பாலும் பிராணவாயுவின் துணையின்றியே தொழில் செய்கின்றது. டென்மார்க்கு நாட்டு மருத்துவர் நீல்ஸ் பின்சன், ஒளியைக் குவித்துப் பாய்ச்சி, முகத்தை அரிக்கும் தோற்காசநோயைக் குணப்படுத்தியமைக்காக 1903ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அவர் ஆண்டது ஒளி ஒன்றையே, மருந்தை அன்று.

ஒளி, மருந்து ஆகிய இரண்டின் கூட்டுறவை ஆராய்ச்சிச்சாலையில் வெளிப்படுத்தியவர், ஜெர்மனியின் மியூனிச் நகரில் பேராசிரியர் ஹெர்மான் வான் தப்பைனரிடம் பயின்ற ஆஸ்கார் ராப் என்னும் மருத்துவ மாணவர். நம் விலங்கியல் மாணவர் குட்டைநீரில் எடுத்து நுண்ணோக்கியின்கீழ் காணும் பாரமீசியம் என்னும் ஓரணு உயிரியே அவருடைய ஆராய்ச்சிப் பொருள். அக்ரிடின் என்னும் சாயம் அவ்வுயிரியை எவ்வளவு நேரத்தில் கொல்லும் என்பதே அவருக்கு இடப்பட்ட பணி.

ராப் ஒரே அளவுள்ள சாயநீரில் அவ்வுயிரிகளை விட்டுப் பார்த்தார். ஒருநாள் அவை விரைவில் மடிந்தன. மற்றொருநாள் நெடுநேரம் உயிர்வாழ்ந்தன. சாயமும் அளவும் ஒன்றே, விளைவு வேறு. வேறொருவராயின், அளந்ததில் பிழை என்று கருதி அந்நாட் குறிப்பைக் கிழித்திருத்தல் கூடும். ராப் அவ்வாறு செய்யவில்லை. உயிரிகள் நெடுநேரம் வாழ்ந்த நாளில் யாது வேறுபாடு என்று எண்ணிப் பார்த்தார். அன்று இடியும் மழையுமாக வானம் இருண்டு, ஆராய்ச்சிச்சாலையில் வெளிச்சம் குன்றியிருந்தமை அவர் நினைவுக்கு வந்தது என்று இத்துறை வரலாறு எழுதுவோர் கூறுவர். பின்னர் அவர் முறையாகச் சோதித்தார். ஒளிமட்டும் பட்ட உயிரிகள் மடியவில்லை. நீர்த்த சாயத்தில் இருளில் இருந்தவையும் மடியவில்லை. சாயமும் ஒளியும் சேர்ந்தபோதே மடிந்தன. இதனை அவர் 1900ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

தப்பைனர் இதன் பயனை உடனே உணர்ந்தார். 1903ஆம் ஆண்டில் அவரும் யெசியோனக் என்னும் தோல்நோய் மருத்துவரும், தோலில் தோன்றிய புற்றின்மேல் இயோசின் என்னும் சாயத்தைப் பூசி ஒளியில் வைத்துச் சிகிச்சை செய்தனர். 1904ஆம் ஆண்டில் தப்பைனரும் யோட்ல்பாவரும், இவ்வினை நிகழ்தற்குப் பிராணவாயுவும் இன்றியமையாதது என்று காட்டினர். இம்மூன்றன் கூட்டத்துக்கே ஒளியியக்கம் என்னும் பொருள்தரும் பெயரைத் தப்பைனர் இட்டார்.

மூன்று சாவி

சில ஊர்களில் பொதுப்பணம் வைக்கும் பெட்டிக்கு மூன்று பூட்டு இட்டு, மூன்று சாவிகளையும் மூவரிடம் கொடுத்து வைத்தல் வழக்கம். ஒருவர் தனியே வந்தால் பெட்டி திறவாது. இருவர் வந்தாலும் திறவாது. மூவரும் ஒருங்கு கூடினாலே திறக்கும். ஒளியியக்கச் சிகிச்சையும் அத்தகையதே. சாயம் ஒரு சாவி. ஒளி ஒரு சாவி. உடலில் இயல்பாய் உள்ள பிராணவாயு மற்றொரு சாவி.

சாயத்தின் மூலக்கூறு தனக்கு உரிய நிறமுள்ள ஒளியை விழுங்கும்போது கிளர்ச்சி அடைகின்றது. அக்கிளர்ச்சியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள இயலாமல், அருகிலுள்ள பிராணவாயுவுக்குக் கொடுத்துவிடுகின்றது. கொடுத்தபின் தான் பழைய நிலையை அடைந்து, மீண்டும் ஒளியை ஏற்க அணியமாகின்றது. ஆற்றலைப் பெற்ற பிராணவாயுவோ நாம் மூச்சில் வாங்கும் சாதுவான பொருளாக இராமல், தொட்டதைச் சிதைக்கும் கடும்பொருளாக மாறுகின்றது. உயிரணுவின் உறையையும் உள்ளுறுப்புக்களையும் அது தாக்குகின்றது.

இங்கே வியக்கத்தக்கது அதன் ஆயுள். உயிரணுவினுள் அது ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் வரும் சில பங்குகளுக்குமேல் நிலைத்திராது. ஆதலின், தான் பிறந்த இடத்தை விட்டு நெடுந்தூரம் செல்லும் வலிமை அதற்கு இல்லை. ஓர் உயிரணுவின் அகலத்தைக்கூட அது கடந்து செல்வதரிது. எங்கே சாயமும் ஒளியும் சந்திக்கின்றனவோ அங்கேயே அது பிறந்து அங்கேயே அழிகின்றது. அயலில் உள்ள உயிரணு, ஒளி படாததாயின், தப்பிவிடுகின்றது.

புற்று இதனால் மூவகையில் அழியும். நேரே தாக்குண்டு மடியும் உயிரணுக்கள் சில. கட்டிக்கு உணவூட்டும் நுண்குருதிக் குழாய்கள் அடைபட்டுப் போதலால் பட்டினி கிடந்து மடிவன சில. இறந்த அணுக்களின் சிதைவைக் கண்டு உடலின் காவற்படை எழுந்து வந்து அழிப்பன சில.

ஆராய்ச்சிச்சாலையிலிருந்து மருத்துவமனைக்கு

சாயம் மனித உடலில் புகுந்தால் என்ன நேரும் என்பதைத் தம் உடலிலேயே அறிய முனைந்தார் மேயர்-பெட்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர். குருதியின் செந்நிறப் பொருளிலிருந்து ஆக்கப்படும் ஹீமட்டோபார்பிரின் என்பதை 200 மில்லிகிராம் அளவு 1912ஆம் ஆண்டில் தம் நாளத்தில் செலுத்திக்கொண்டார். பின்னர் வெயிலில் வந்தபோது, ஒளிபட்ட முகமும் கையும் பெரிதும் வீங்கின. இரண்டு மாதத்துக்கு மேலும் அவர் வெயிலுக்கு அஞ்சி வாழவேண்டியதாயிற்று. சாயம் உடலில் நெடுநாள் தங்கும் என்பதும், ஒளியை மருத்துவர் அளந்து கொடாவிடின் கதிரவன் அளவின்றிக் கொடுப்பான் என்பதும் இதனால் விளங்கின.

இதன்பின் நெடுங்காலம் இத்துறை உறங்கியது. 1960ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் லிப்சன் முதலியோர், ஹீமட்டோபார்பிரினிலிருந்து செய்த ஒரு கலவை புற்றில் மிகுதியாகத் தங்குவதையும், ஒளிபட்டால் அது செந்நிறமாக ஒளிர்வதையும் ஆராய்ந்தனர். பஃபலோ நகரில் ராஸ்வெல் பார்க்கு ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த தாமஸ் டோஹர்டி இதனைச் சிகிச்சையாக வளர்த்தார். 1978ஆம் ஆண்டில் அவரும் அவருடன் உழைத்தோரும் வெளியிட்ட அறிக்கையில், 25 நோயாளரிடம் இருந்த 113 கட்டிகளுள் 111 முற்றிலுமோ ஓரளவோ அழிந்தன என்று கூறப்பட்டது. அம்மருந்தே தூய்மை செய்யப்பட்டுப் போட்டோபிரின் என்னும் பெயரால் 1993ஆம் ஆண்டில் கானடாவிலும், 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் அரசாங்க ஒப்புதல் பெற்றது. முன்னதில் மூத்திரப்பைப் புற்றுக்கும், பின்னதில் உணவுக்குழாய்ப் புற்றுக்கும் ஆம். வெர்ட்டிபார்பின் என்னும் வேறொரு மருந்து 2000ஆம் ஆண்டில் முதியோர் கண்ணில் விழித்திரையைக் கெடுக்கும் ஒரு நோய்க்கு ஒப்புதல் பெற்றது. இம்மருந்து உடலை விட்டு விரைவில் நீங்குவது. போட்டோபிரின் பெற்றவர் ஒரு மாதமேனும் வெயிலை விலக்க வேண்டும், வெர்ட்டிபார்பின் பெற்றவருக்கு ஐந்து நாள் போதும். என்புக்குச் சிகிச்சை தேடியோர் இதனை நாடியதற்கு இஃதொரு காரணம்.

மூத்திரப்பை, உணவுக்குழாய், கண், தோல் என்னும் இவற்றை நோக்குங்கள். இவையாவும் ஒளி எளிதிற் சென்றடையும் இடங்கள். என்பின் நிலை அத்தகையதன்று.

ஒளிக்கு அடைத்த கதவு

மாணவர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இருட்டறையில் மின்கைவிளக்கை ஏற்றி உள்ளங்கையால் மூடுங்கள். வெண்ணிற ஒளி மறைந்து, விரல்களின் ஓரம் செந்நிறமாகத் தோன்றும். நீலமும் பச்சையும் குருதியால் விழுங்கப்பட, சிவப்பு மட்டும் ஊடுருவி வருகின்றது. ஆதலினாலேயே உடலினுள் ஒளி செலுத்த விரும்புவோர் செந்நிற ஒளியையும், அதற்கு அப்பாற்பட்டுக் கண்ணுக்குப் புலனாகாத ஒளியையும் நாடுகின்றனர். போட்டோபிரினுக்கு 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியும், வெர்ட்டிபார்பினுக்கு 690 நானோமீட்டர் அளவுள்ள ஒளியும் ஏற்றவை. ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர் ஆகும்.

அச்சோதனையில் வேறொன்றையும் காணலாம். விரல் ஒளிரும்போது அதனுள் உள்ள என்பு கருநிழலாய்த் தெளிவாகத் தோன்றுவதில்லை. ஏனெனில் தசையில் புகுந்த ஒளி நேரே செல்லாமல், பாலில் புகுந்த ஒளிபோல எப்புறமும் சிதறுகின்றது. செந்நிற ஒளியும் இங்ஙனம் சிதறித் தேய்ந்து, சிகிச்சைக்குப் போதிய வலிமையுடன் செல்வது பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட ஆழமே. முழங்காலிலும் முதுகிலும் உள்ள என்போ தோலுக்கும் கொழுப்புக்கும் தசைக்கும் உள்ளே மறைந்துள்ளது. அதன் வன்புறம் ஒளியைச் சிதறடிப்பது. உள்ளிருக்கும் மச்சையின் குருதி ஒளியை விழுங்குவது. வெளியிலிருந்து எவ்வளவு ஒளி பாய்ச்சினும் உள்ளே உறங்கும் மருந்து எழாது.

கதவு அடைத்திருப்பின், விளக்கை உள்ளே கொண்டுசெல்வதே வழி. அவ்வழி இரண்டு வகையாக முயலப்பட்டுள்ளது.

முதுகெலும்பினுள் விளக்கு

கானடாவின் டொரான்டோ நகரில் ஆல்பர்ட் யீ, காரி வைன் முதலியோர் புற்றுப் பற்றிய முள்ளென்பில் இம்முறையைப் பல்லாண்டு ஆராய்ந்தனர். நொறுங்கிய முள்ளென்பினுள் தோல்வழியே தடித்த ஊசிக்குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன்வழி என்புச்சிமெண்டு என்னும் குழம்பை நிரப்பி வலுப்படுத்தும் முறை முன்னரே வழக்கில் இருந்தது. அக்குழாய் வழியாகச் சிமெண்டு செல்லுமாயின், அதற்கு முன்பு மயிரிழைபோன்ற ஓர் ஒளியிழையும் செல்லலாமன்றோ? அதுவே அவர்கள் கொண்ட கருத்து. வெர்ட்டிபார்பின் மருந்தை நாளத்தில் செலுத்தி, ஒளியிழையை முள்ளென்பின் நடுவே நிறுத்தி, லேஸர் ஒளியை அளந்து பாய்ச்சிப் புற்றணுக்களை அழித்து, பின்னர் அதே துளையில் சிமெண்டை நிரப்புவது முறை.

முதலில் எலிகளில் சோதித்தனர். தண்டுவடம் மிக அருகில் இருத்தலால், மருந்தும் ஒளியும் அளவு மிகின் கால்கள் செயலிழத்தல் கூடும் என்பது அச்சோதனைகளில் புலனாயிற்று. ஆதலின் பாதுகாப்பான அளவை வரையறுத்தனர். அளவோடு செய்தபோது புற்று அழிந்ததன்றி, என்பின் உறுதி கூடியதையும் கண்டனர். வளர்ப்பு நாய்களின் காலென்பில் இயல்பாகத் தோன்றும் புற்றிலும் இம்முறை சோதிக்கப்பட்டது.

பின்னர் மனிதரிடம் நடந்த முதற்கட்டச் சோதனையின் முடிவு 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் 30 நோயாளர் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினர்க்கு மருந்தின்றி ஒளி மட்டும் தரப்பட்டது. ஏனையோர்க்கு மருந்துடன் 50 ஜூல் முதல் 200 ஜூல் வரை ஒளியாற்றல் படிப்படியாகக் கூட்டப்பட்டது. நரம்புக்குத் தீங்கின்றி இச்சிகிச்சையைச் செய்தல் கூடும் என்பதே அச்சோதனை நிறுவ முயன்றது, அதனை நிறுவிற்று. 50, 100 ஜூல் பெற்றோரிடத்து வலி குறைந்தமையும் காணப்பட்டது. முதற்கட்டச் சோதனை என்பது ஒரு முறை தீங்கற்றதா என்று அறிதற்கே உரியது. நோயை வெல்லுமா என்பதை அது முடிவு செய்யாது. இவ்வேறுபாட்டை மாணவர் மறத்தலாகாது.

அறுவை மேசையில் விளக்கு

இரண்டாவது முயற்சி ஜப்பானில் நடந்தது. மியே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குசுசாக்கி என்னும் என்பு மருத்துவர், கை கால்களில் தோன்றும் என்புப் புற்றுக்கும் தசைப்புற்றுக்கும் ஒளியைத் துணைக்கொண்டார். அவர் தேர்ந்த மருந்து அக்ரிடின் ஆரஞ்சு. ராப் தம் பாரமீசியத்துக்கு இட்ட அக்ரிடினின் குடும்பத்தைச் சேர்ந்த சாயமே இது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அக்குடும்பமே நோயாளியின் காலைக் காக்க அழைக்கப்பட்டது.

புற்றணுக்களில் அமிலத்தன்மை மிகுதி. அக்ரிடின் ஆரஞ்சு அமிலம் மிக்க இடத்தில் சென்று தங்கும் இயல்புடையது. மருத்துவர் முதலில் பெருங்கட்டியை எடுத்துவிடுகின்றார். நரம்பும் தசையும் இயன்றவரை விடப்படுகின்றன. எஞ்சிய குழியில் சாயநீரை ஊற்றி நீலநிற ஒளியைப் பாய்ச்ச, கண்ணுக்குத் தெரியாது ஒட்டியிருக்கும் புற்றணுக்கள் ஒளிர்ந்து தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கின்றன. அவற்றைச் சுரண்டி எடுத்தபின், வலிய ஒளியைப் பாய்ச்சி எஞ்சியவற்றை அழிக்கின்றனர். காலின் இயக்கத்தைக் காத்து நோய் மீளாமலும் தடுக்கலாம் என்பதைச் சிறு எண்ணிக்கையினரான நோயாளரிடம் கண்டு அவர்கள் எழுதியுள்ளனர்.

நீல ஒளி ஆழம் செல்லாதன்றோ என்று கேட்பீராயின், அதற்கும் ஒரு வழி கண்டனர். எக்ஸ் கதிரும் அக்ரிடின் ஆரஞ்சை எழுப்பும். எக்ஸ் கதிரோ என்பையும் ஊடுருவும். ஆதலின் அறுவைக்குப் பின் 5 கிரே என்னும் குறைந்த அளவில் எக்ஸ் கதிரும் சிலருக்குச் செலுத்தப்பட்டது.

நன்மையும் எல்லையும் ஒன்றே

இம்முறையின் பெருஞ்சிறப்பு, ஒளி பட்ட இடத்தில் மட்டும் வினைபுரிதல். இதன் பெருங்குறையும் அதுவே. காலில் பாய்ச்சிய ஒளி காலில் உள்ள புற்றையே அழிக்கும். நுரையீரலில் சென்று ஒளிந்த வித்தை அது காணாது. 1970ஆம் ஆண்டுக்கு முன் காலை இழந்தும் ஐவருள் நால்வர் மடிந்த செய்தியை மீண்டும் நினையுங்கள். ஓர் இடத்தை மட்டும் தூய்மை செய்யும் எந்த முறையும், கத்தியாயினும் ஒளியாயினும், தனித்து நின்று இந்நோயை வெல்லாது. உடல் முழுதும் செல்லும் மருந்துக்கு அது மாற்று அன்று. அறுவை எவ்வளவு குறைவாக இருக்கலாம், எஞ்சிய கால் எவ்வளவு பயன்படலாம், முதுகின் வலி எவ்வளவு தணியலாம் என்பவற்றிலேயே அதன் உதவி.

இன்றளவும் என்புப் புற்றுக்கு இஃது எங்கும் பொதுவழக்காக வரவில்லை. ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது. 'ஒளியால் புற்று தீரும்' என்னும் தலைப்பைச் செய்தித்தாளில் கண்டு, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை ஒருவர் நிறுத்துவாராயின், அவர் பெரும்பிழை செய்தவராவார். சாயமும் வெயிலும் வீட்டில் சேர்த்துச் செய்யும் வைத்தியமும் இஃதன்று. மேயர்-பெட்ஸ் பட்டதே அதற்குச் சான்று.

முடிவுரை

இக்கட்டுரையைப் படிப்போருட் பலர் அந்நோய் தேடும் வயதினர், அல்லது அவ்வயதுடைய தம்பி தங்கையரை உடையவர். ஆதலின் ஒரு சொல் கூறாமல் முடித்தல் தகாது. முழங்காலை ஒட்டி ஒரு வலி தோன்றி, வாரங்கள் கடந்தும் நீங்காது, இரவில் உறக்கத்தைக் கெடுக்குமாயின், அல்லது அவ்விடத்தில் வீக்கம் நாளும் வளருமாயின், விளையாட்டில் பட்ட அடி என்று கருதி எண்ணெய் தடவி உருவுவதும், கட்டுக் கட்டுவதும் வேண்டா. உருவுதலால் கட்டி தீராது, காலம் கழியும், அக்காலத்தில் வித்து பரவும். அத்தகைய வலிகளுட் பெரும்பாலானவை புற்று அல்ல. ஆயினும் ஒரு எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தல் எளிது. முற்படக் கண்டால் காலும் உயிரும் பிழைத்தற்கு இடமுண்டு.

மற்றொன்று, அறிவியல் பயில்வோர்க்கு. ஓர் இருண்ட நாளில் தம் கணக்குப் பொருந்தாமையைக் கண்ட மாணவர், அதனைப் பிழையென ஒதுக்காமல் ஏன் என்று கேட்டார். அவ்வொரு கேள்வியிலிருந்தே, நூறாண்டு கடந்து, டொரான்டோவில் முதுகெலும்பினுள் சென்ற ஒளியிழையும், மியேயில் காலைக் காக்க ஏற்றிய விளக்கும் பிறந்தன. நம் ஆராய்ச்சிச்சாலைக் குறிப்பேட்டிலும் பொருந்தாத எண்கள் வருவதுண்டு. பக்கத்து மேசைத் தோழனுடைய விடையைப் பார்த்து அவற்றைத் திருத்தி எழுதுமுன், அன்று வானம் எப்படி இருந்தது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.